உஷார்! அந்த ‘செட்’ மாத்திரையில் என்ன இருக்கிறது?

ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, உஷார்! காய்ச்சல், தொண்டைவலி என்றால் லீவு கிடைக்காது. உடனே மெடிக்கல் ஷாப்பில் நின்று, “அண்ணா, ஒரு செட் குடுங்க” என்கிறீர்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தில் சில சமயம் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கும். அது நோய்க்கிருமியோடு நிற்பதில்லை. பெருங்குடலில் நமக்காக வேலை பார்க்கும் பாக்டீரியாக்களையும் அடித்துப் போடும். அதற்கும் நம் உடல் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று சந்தேகிக்க ஆதாரங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

எள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிக்னான் என்ற தாவரப் பொருள் உண்டு. இட்லிக்கு எள்ளுப்பொடி தொட்டுச் சாப்பிட்டால், அந்த லிக்னானில் பெரும்பகுதி பெருங்குடல் வரை போகும். அங்கே ஒரு பாக்டீரியா அதை உடைக்க, இன்னொன்று மாற்ற, கடைசியில் என்டெரோலாக்டோன் என்ற பொருளாகி ரத்தத்தில் ஏறும். இந்த வித்தை நம் குடலுக்குத் தெரியாது. பாக்டீரியா இருந்தால்தான் நடக்கும். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், லிக்னானிலிருந்து உருவாகும் இத்தகைய பொருள்கள் சிறுநீரில் அதிகம் இருந்த பெண்களுக்கு ஆண்டுக்காண்டு எடை மெதுவாகவே ஏறியிருந்தது. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் பின்லாந்தில் 2002இல் வெளியான ஆய்வையும் பக்கத்தில் வையுங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் என்டெரோலாக்டோன் குறைந்திருந்தது. ஓராண்டு கழித்தும் அந்தக் குறைவு தெரிந்தது. சில நாள் மாத்திரைக்கு எவ்வளவு நீண்ட விலை!

டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. டாக்டரைக் கேட்காமலே கிடைக்கும் மாத்திரையைத்தான் சொல்கிறேன். அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ‘செட்’டில் மாத்திரையை வெட்டிக் கொடுப்பதால் அந்தக் கோடும் உங்கள் கண்ணில் படாமல் போகலாம்.

அடுத்தது நைட் ஷிப்ட். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2014இல் ஒரு சோதனை செய்தது. நெடுந்தூரம் பறந்து தூக்க நேரம் குழம்பிய பயணிகளின் மலத்திலிருந்த பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகள் எடை போட்டன. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி என்று மாறுகிறவர்கள் விமானம் ஏறாமலே அந்தக் குழப்பத்துக்குள் இருக்கிறார்கள்.

அதே குழுவின் 2016 ஆய்வுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கொழுக்க வைத்து, மெலிய வைத்து, மறுபடி கொழுப்புத் தீனி கொடுத்த எலிகள், முதல் முறை கொழுத்தவற்றைவிட வேகமாக ஊதின. உடம்பு இளைத்தும் குடல் பாக்டீரியா பழைய பருமன் நிலையிலேயே இருந்தது. பம்ப்ளிமாஸ், ஆரஞ்சு வகைப் பழங்களிலுள்ள நாரிஞ்செனினையும் அபிஜெனின் என்ற இன்னொரு தாவரப் பொருளையும் அது அளவு மீறிச் சிதைத்தது. அதனால் எலிகள் எரிக்கும் சக்தியும் குறைந்தது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இருந்தாலும் கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்து, பிறகு பழையபடி தின்பவர்கள் யோசிக்க வேண்டும். கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரை எடை குறைக்கக் குறுக்குவழி என்று எண்ணாதீர்கள். அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் மாத்திரை வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

கடைசியாக, விடுதிச் சாப்பாடு. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 250க்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சாலை மறியல் நடந்தது, ஆலை மூடி 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. அன்றிலிருந்து விடுதிச் சாப்பாடு சுத்தமா என்று கேட்கிறோம், நியாயம். ஆனால் சுத்தமான வெள்ளைச் சோற்றுக் குவியலும் தண்ணிச் சாம்பாரும் குடல் பாக்டீரியாவுக்குப் பட்டினிதான். இதற்கிடையே எடையும் ஏறுகிறது: தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 40.4 சதவீதம்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளருக்கு இடம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். உங்கள் கம்பெனியில் கேன்டீன் கமிட்டி கூடும்போது வடையின் அளவைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். தினம் ஒரு கீரை, ஒரு சுண்டல், ஒரு பழம், நைட் ஷிப்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.