தாமிரபரணிக் கரை வழக்குகள் – 9: கைது வளர்த்த குரல்

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் எப்படி முடிந்தது என்பதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். கூலி உயர்வும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த சக தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டுக் கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தித் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேலப்பாளையம். இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் வழக்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தில் 2020-இல் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர் மதுரையைச் சேர்ந்த யூடியூபர் மாரிதாஸ். தோட்டத் தொழிலாளிக்கும், இந்துத்துவ அரசியலை ஆதரித்து வீடியோ போடும் ஒருவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதிகாரத்துக்குப் பிடிக்காததைப் பேசினால் போலீஸ் வரும் என்ற வழக்கம் இருவர் விஷயத்திலும் ஒன்றுதான். அந்தத் தடி யார் மீது விழுகிறது என்பதைப் பார்த்து நம்முடைய நியாயம் மாறக் கூடாது. அதற்காக, மாரிதாஸ் வகைப் பேச்சு மேலப்பாளையம் போன்ற ஊருக்குச் செய்யும் கெடுதலைச் சின்னதாக்கிக் காட்டவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வது சிரமம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் வலதுசாரி யூடியூப் விமர்சகர்களில் முதலில் பெரிய கூட்டத்தைச் சேர்த்தவர்களில் ஒருவர் மாரிதாஸ். கேமராவைப் பார்த்துத் தனியாளாக நீளமாகப் பேசுவது, இடையிடையே ஆவணங்களைத் திரையில் காட்டுவது, அவற்றிலிருந்து ஒரு பெரிய சதியின் வரைபடத்தை விரிப்பது என்பது அவருடைய பாணி. திமுக, திராவிடர் கழகம், இஸ்லாமிய அமைப்புகள், தொலைக்காட்சி செய்தி ஆசிரியர்கள் எனக் குறி மாறும், வரைபடம் மாறுவதில்லை. 2020 ஜூலையில் நியூஸ்18 தமிழ்நாடு தொலைக்காட்சியின் பத்திரிகையாளர்கள் திராவிட இயக்கச் சார்போடு செய்தி போடுகிறார்கள் என்று தொடர்ந்து வீடியோ வெளியிட்டார். தன்னுடைய புகாருக்கு அந்த நிறுவனமே பதில் அனுப்பியது என்று ஒரு மின்னஞ்சலையும் காட்டினார். அப்படி ஒரு மின்னஞ்சல் தங்களிடமிருந்து போகவில்லை, அது போலி என்று நிறுவனத்தின் தரப்பு புகார் கொடுத்தது. சென்னை போலீஸ் வழக்குப் பதிந்தது. அந்த அலை அடித்த அதே மாதம் சேனலின் ஆசிரியர் குணசேகரன் பதவியிலிருந்து விலகினார். ஒரு செய்தி அறையில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்ற பேச்சை வெளியிலிருந்து ஒரு யூடியூபர் தொடங்கிவைக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு அப்போதுதான் கண்டது. அந்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுத்து, அவதூறு வீடியோக்களுக்கு இடைக்காலத் தடையும் வாங்கியது. இந்தத் தடையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மேலப்பாளையத்துக்கு வருவோம். நெசவால் வளர்ந்து, இப்போது வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர். 2020 மார்ச் 31 அன்று தமிழகச் சுகாதாரத் துறை அறிவித்த புதிய கொரோனா தொற்றாளர்கள் 57 பேர். டெல்லி நிஜாமுதீனில் நடந்த, இஸ்லாமிய அமைப்பான தப்லீக் ஜமாத்தின் மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள்தான் அதில் பெரும்பாலானோர். 22 பேர் நெல்லைக்காரர்கள். தடுப்புகள் போட்டு மேலப்பாளையம் அடைக்கப்பட்டது. நோய்த்தடுப்பு என்ற வகையில் அதில் தவறு இல்லை. தவறு மொழியில் நடந்தது. தினமும் மாலையில் அரசே மாநாட்டின் பெயரைச் சொல்லி எண்ணிக்கை வாசித்தது. பிறகுதான், எதிர்ப்பு எழுந்த பின், ‘ஒரே தொற்று மூலம்’ என்று சொல்லத் தொடங்கியது. அதற்குள் நாடு முழுக்க, ஒரு மதத்தாரே நோயைப் பரப்புகிறார்கள் என்ற பேச்சு காட்டுத்தீயாகப் போய்விட்டது. தப்லீக் ஜமாத்தைக் கொரோனா பரவலோடு இணைத்து மாரிதாஸ் வெளியிட்ட வீடியோ அந்த நேரத்தில் வந்ததுதான். அதன் மீதான புகாரில்தான் மேலப்பாளையம் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது.

அவர் பொய்யா சொன்னார், தமிழ்நாட்டுத் தொற்றில் 84 சதவீதம் அந்த மாநாட்டோடு தொடர்புடையது என்று மத்திய சுகாதாரத் துறையே ஏப்ரல் 18 அன்று சொல்லவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி; பதில் சொல்லத்தான் வேண்டும். யாரைச் சோதிக்கிறோமோ அவர்களிடம்தான் தொற்று தெரியும். மாநாட்டுக்குப் போன சுமார் 1,500 பேரையும் அவர்களோடு பழகியவர்களையும் அரசு தேடித்தேடிச் சோதித்தது. அந்த வாரங்களில் வெளிநாட்டுப் பயணமோ தொற்றாளருடன் தொடர்போ இல்லாத சாதாரண ஆளுக்குச் சோதனை கிடைப்பதே அபூர்வம். அப்படி எடுத்த கணக்கில் அந்தக் கூட்டம் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அடுத்த மாதமே கோயம்பேடு சந்தை தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொற்றுக் களமானது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். காய்கறி மூட்டை தூக்கியவரின் மதம் என்ன, வியாபாரிகள் திட்டமிட்டுப் பரப்பினார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. மேலப்பாளையத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடைக்கவில்லை? மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலியாடுகள் ஆக்கப்பட்டார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் சொன்னது. டெல்லியில் அவர்களுக்கு இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது போட்ட வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள் ஆயின. கம்பெனிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, சுற்றிய பீடியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி என்றிருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி இருப்பவர்கள் நோயாளியாக, அதற்கும் மேலே சதிகாரியாகப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இவ்வளவு கெடுதல் இருந்தும் அந்த வழக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்தார். அந்த மரணத்தைக் கேலி செய்தவர்களைச் சுட்டிக்காட்டி, திமுக ஆட்சியில் தமிழகம் இன்னொரு காஷ்மீராகிறதா என்ற பொருளில் மாரிதாஸ் ட்வீட் போட்டார், பிறகு நீக்கிவிட்டார். மறுநாளே மதுரையில் கைது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் புகார், தேசத்துரோகப் பிரிவு உட்பட. உள்ளே இருக்கும்போதே நியூஸ்18 வழக்கிலும், தூசு தட்டி எடுத்த மேலப்பாளையம் வழக்கிலும் கைது காட்டினார்கள். டிசம்பர் 14 அன்று ட்வீட் வழக்கையும், 23 அன்று மேலப்பாளையம் வழக்கையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ரத்து செய்தார். இவர்தான் 2020 ஜூனில் தப்லீக் மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளையும் முடித்துவைத்து, அவர்கள் போதுமான அளவு துன்பப்பட்டுவிட்டார்கள் என்று கண்டவர். மேலப்பாளையத்து மக்களின் காயத்துக்காக அந்த வழக்கு உயிர்பெற்றிருந்தால் 2020-லேயே பெற்றிருக்கும். ஆளும் கட்சியைச் சீண்டிய பிறகுதான் அந்த ஊரின் பெயர் போலீஸுக்கு நினைவு வந்தது. இரண்டே வாரங்களில், அவதூறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அடக்குமுறைக்கு ஆளானவராகி வெளியே வந்தார். அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை அவருக்காகக் குரல் கொடுத்தார். மேலப்பாளையத்தின் நியாயம் அதோடு பேச்சில் இருந்தே போய்விட்டது. இதை நினைக்கும்போது வருகிற கோபம் மாரிதாஸ் மீது மட்டும் வருவதில்லை.

வெறுப்புப் பேச்சு கலவரத்தில் முடியும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்பது அடுத்த ஆட்சேபம். நேரடியாக அடிக்கச் சொன்னவரை, தீ வைக்கத் தூண்டியவரைக் கைது செய்யத்தான் வேண்டும். போலி ஆவணம் தயாரித்தால் அதற்கும் தனிக் குற்றப்பிரிவு உண்டு. அங்கே கருத்துரிமை என்ற கேள்வியே எழாது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 505, தேசத்துரோகத்துக்கான 124ஏ போன்ற அகலமான பிரிவுகளைக் கையில் கொடுத்தால் போலீஸ் என்ன செய்யும் என்பதற்கு நெல்லை மாவட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மீனவர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது அதே தேசத்துரோகப் பிரிவு போடப்பட்டது. 2017-இல் நெல்லைக் கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிக் கார்ட்டூன் வரைந்த பாலாவைச் சென்னையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். 124ஏ-யை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் வாரிசாக 152-ஆம் பிரிவு இருக்கிறது. வலதுசாரி யூடியூபருக்கு எதிராக இந்தப் பிரிவுகளைக் கைதட்டி வரவேற்பவர், நாளை இடிந்தகரையில் அதே பிரிவு வரும்போது எந்த முகத்தோடு எதிர்ப்பார்?

அப்படியானால் பொய்யை அவிழ்த்துவிட்டவர் தப்பிக்க வேண்டியதுதானா? இல்லை. 2023 மார்ச்சில் தமிழகத்தில் பிகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது வதந்தியைத் தணித்தது போலீஸின் உடனடி மறுப்பும், நேரில் வந்து பார்த்த பிகார் அதிகாரிகள் குழுவும்தான். அந்த வீடியோக்களைப் பரப்பிய யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது பின்னர் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்தத் தடுப்புக்காவலை மதுரைக் கிளை 2023 நவம்பரில் ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் அவர் பாஜகவில் சேர்ந்தார். உடனடி மறுப்பு செய்த வேலையைச் சிறை செய்யவில்லை. 2020 ஏப்ரலில் மேலப்பாளையத்துக்குத் தேவைப்பட்டதும் அப்படியொரு மறுப்புதான்: யாரைச் சோதித்தோம், யாரைச் சோதிக்கவில்லை என்று கலெக்டர் பத்து நிமிடம் நிதானமாகப் பேசியிருந்தால் போதும்.

அடுத்தது நீதிமன்றம். நியூஸ்18 நிறுவனத்துக்குச் சில வாரங்களில் தடை உத்தரவு கிடைத்தது. அதற்கு வக்கீல்கள் இருந்தார்கள். ஒரு ஊருக்கு அந்த வழி அடைபட்டதல்ல. பலருக்குப் பொதுவான நலன் இருந்தால் சிலர் சேர்ந்து எல்லோர் சார்பிலும் வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அடையாளம் காணக்கூடிய ஒரு குழுவைப் பற்றிய அவதூறும் அவதூறே என்கிறது தண்டனைச் சட்டத்தின் விளக்கம். மேலப்பாளையத்தின் ஜமாத்துகளும் பீடித் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து போக, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலும் செலவும் கொடுத்துத் துணை நிற்க வேண்டும். யாரையும் சிறைக்கு அனுப்பாமல், வீடியோவை எடுக்கவும் திருத்தம் வெளியிடவும் இழப்பீடு தரவும் கேட்கும் வழக்காக அது இருக்க வேண்டும்.