ஃபெராரியா... போர்ஷேயா... ஹோண்டாவா?

ஆரம்பத்திலேயே ஒரு வாக்குமூலம் கொடுத்துடறேன். இந்தக் கட்டுரையில் வரப்போகிற மூன்று கார்களில் ஒன்றைக்கூட நான் ஓட்டியது இல்லை. தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. என் அதிகபட்ச சாதனை, மாமாவோட பல்சரை அவருக்குத் தெரியாமல் பைபாஸ் வரைக்கும் ஓட்டிட்டுப் போனதுதான். 'அப்புறம் நீ எதுக்குடா ஸ்போர்ட்ஸ் கார் பத்தி எழுதறே?'னு கேட்கறீங்களா... காரணம் இருக்கு பாஸ்!

போன செமஸ்டர் லீவில் அப்பா, அம்மா, தங்கச்சியோடு பழநிக்குக் கிளம்பினோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் 'டப்'னு ஒரு சத்தம். அவ்ளோதான், இன்ஜின் ஆஃப்! டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு. மெக்கானிக் அண்ணன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால், வால்வுகள் வளைந்து கிடக்கின்றன. பில் தொகை, என் ஒரு செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். அப்பா எதுவும் பேசாமல் பர்ஸை எடுத்தார். அந்த மௌனம்தான் ரொம்ப வலிச்சுது.

அந்த பெல்ட் இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோகவே அண்ணனுக்கு அரை நாள் ஆச்சு. அப்படி ஒரு சந்து. வியர்வையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதை டிசைன் பண்ணவன் ஒரு நாளாவது ஸ்பேனர் பிடிச்சிருப்பானா தம்பி? நீயும் இன்ஜினீயர்தானே ஆகப்போறே?"

பதில் சொல்ல முடியலை. ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் தேட ஆரம்பிச்சேன். தேடிப் போய் நின்ற இடம்... 1990. உலகத்தின் மூன்று பெரிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்ட வருஷம்!

பேப்பரில் மூணும் ஒண்ணுதான்!

இத்தாலியில் இருந்து ஃபெராரி 348. ஜெர்மனியில் இருந்து போர்ஷே 911 (அந்தத் தலைமுறைக்கு '964' என்று பெயர்). ஜப்பானில் இருந்து ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். அமெரிக்காவில் இது அக்யூரா என்ற பெயரில் விற்பனையானது.

ஃபெராரி: 3.4 லிட்டர் வி8 இன்ஜின், 300 குதிரை சக்தி.
போர்ஷே: 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 250 குதிரை சக்தி.
ஹோண்டா: 3 லிட்டர் வி6, அமெரிக்க மாடலில் 270 குதிரை சக்தி.

எடை மூன்றுக்கும் சுமார் 1,400 கிலோ. மூன்றுமே மணிக்கு 260 கிலோமீட்டரைத் தொடும். 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்றுக்கும் ஆறு விநாடிக்குள்தான் ஆகும். ஆக, நம்பரை வெச்சு ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய சண்டை போட்டாலும் முடிவு கிடைக்காது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கு. ஓட்டும்போது என்ன நடக்குது? ஓட்டி முடித்து ஷெட்டில் நிறுத்தின பிறகு என்ன நடக்குது? வாங்க, ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

ஃபெராரி: அழகான ராட்சசி

348 என்ற பெயரே ஒரு ஃபார்முலா. 34 என்றால் 3.4 லிட்டர், 8 என்றால் எட்டு சிலிண்டர். நிறுவனர் என்ஸோ ஃபெராரி 1988 ஆகஸ்ட்டில் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் வந்த கார் இது.

டிரைவருக்குப் பின்னால், முதுகுக்குப் பக்கத்திலேயே இன்ஜின். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா கிளம்பும் அந்த வி8 சத்தத்துக்காகவே சொத்தை விற்கத் தயாராக இருக்கிறவர்கள் உண்டு. கியர் லிவர், பளபளக்கும் உலோகத் தகட்டில் வெட்டிய பாதைக்குள் 'க்ளிக் க்ளிக்'னு விழும். ஆனா காலையில் இன்ஜின் சூடாகும்வரை இரண்டாவது கியர் விழவே விழாது, அடம்பிடிக்கும். ஓனர்கள் முதல் கியரில் இருந்து நேரா மூன்றாவதுக்குத் தாவுவார்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. பார்க்கிங் போடறதுக்குள்ளே ஜிம்முக்குப் போன எஃபெக்ட்!

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். டைமிங் பெல்ட் என்பது கிராங்க்ஷாஃப்ட்டையும் கேம்ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கிற பல் வைத்த ரப்பர் பெல்ட். அது அறுந்தால் தாளம் தப்பும். மேலே வருகிற பிஸ்டன், திறந்திருக்கிற வால்வில் போய் முட்டும். எங்க காருக்கு நடந்தது இதேதான். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

348-ல் இன்ஜினை நீளவாக்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். பெல்ட் இருப்பது இன்ஜினின் முன்பக்கம், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பை ஒட்டி. கை போக வழியே இல்லை. என்ன செய்வார்கள் தெரியுமா? இன்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்க சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மொத்தமாகக் காருக்கு அடியில் இறக்கணும்! ஒரு ரப்பர் பெல்ட்டை மாற்ற, பாதிக் காரைக் கழற்றணும். படிச்சதும் நம்ம மெக்கானிக் அண்ணன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

இதில் செம காமெடி என்னன்னா... 1991 கடைசியில் ஃபெராரி கம்பெனிக்குத் தலைவரான லூகா டி மான்டெஸெமோலோவே, தான் வாங்கின 348 தன்னை ஏமாற்றிவிட்டதாகப் பின்னாளில் வெளிப்படையாகப் புலம்பினார். கடைக்காரரே சரக்கு சரியில்லைனு சொன்ன கதை!

போர்ஷே: பின்னால் கனம், மனசில் குணம்

911-ல் இன்ஜின் இருப்பது பின் சக்கரத்துக்கும் பின்னால். இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டால் 'தப்பு'ன்னுதான் சொல்வார். ஒரு பை நிறைய செங்கல்லை கேரியரில் கட்டிக்கிட்டு சைக்கிளில் வளைவில் திரும்பிப் பாருங்க, புரியும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், காரின் வால் உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும்.

ஆனா அதே கனம்தான், வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின் சக்கரங்களை ரோட்டோடு அழுத்திப் பிடிக்குது. அதாவது, இந்தக் காரை ஓட்டக் கத்துக்கணும். கத்துக்கிட்டவர்கள் வேறு காருக்கு மாறுவது ரொம்ப அபூர்வம். 1963-ல் அறிமுகமான ஒரு வடிவத்தை இன்னும் விடாமல் மெருகேற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

வீட்டில் வைத்துக்கொள்ளவும் நல்ல பிள்ளை. 964 இன்ஜினுக்குக் குளிரூட்டத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். பின்னால் குட்டியாக இரண்டு சீட். சின்னப் பசங்களை உட்கார வைக்கலாம். குறை இல்லாமலா? ஆரம்பத்தில் வந்த 964-களில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கேஸ்கெட் வைக்கவில்லை. விளைவு, ஆயில் கசிவு. பிறகு திருத்தினார்கள். வால்வு இடைவெளியையும் அவ்வப்போது சரிபார்க்கணும்.

ஹோண்டா: முதல் பெஞ்ச் மாணவன்

என்.எஸ்.எக்ஸ் முதலில் தலைகாட்டியது 1989 பிப்ரவரி, சிகாகோ கார் கண்காட்சி. அப்போது எல்லோரும் கேட்டது, 'சிவிக் தயாரிக்கிறவனுக்கு ஃபெராரியோட என்னப்பா போட்டி?'

ஹோண்டாவின் பதில், பக்கா இன்ஜினீயரிங். முழு பாடியும் அலுமினியம். அந்த அளவில் உற்பத்திக்கு வந்த முதல் கார் இதுதான். இன்ஜினுக்குள் டைட்டானியம் கனெக்டிங் ராடுகள். 8,000 ஆர்.பி.எம் வரை அலறும். டிரைவர் கேபினுக்கு எஃப்-16 போர் விமானத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் டிரைவர் சீட்டில் இருந்து சுமார் 310 டிகிரிக்குப் பார்வை கிடைக்குது. அப்போதைய சூப்பர் கார்களில் பின்னால் வருகிற லாரியைப் பார்க்கவே கழுத்து சுளுக்கும்!

அதே மாதம், ஜப்பானின் சுஸுகா டிராக்கில் அயர்டன் சென்னா இந்தக் காரை ஓட்டிப் பார்த்தார். ஹோண்டா இன்ஜின் பொருத்திய மெக்லாரனில் 1988-ல் உலக சாம்பியன் ஆனவர். ஓட்டி இறங்கியதும் அவர் பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், பாடிக்கு உறுதி போதாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஷிகேரு உயேஹாரா தலைமையிலான டீம் சோர்ந்து போகவில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்குக்குக் காரைக் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓட்டி, திருத்தி, பாடியின் உறுதியை 50 சதவிகிதம் கூட்டினார்கள். நம்ம ரெக்கார்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்தா நாம என்ன பண்ணுவோம்னு யோசிச்சுப் பாருங்க!

பெல்ட் கதைக்கு வருவோம். என்.எஸ்.எக்ஸிலும் டைமிங் பெல்ட்தான். ஆனா இன்ஜினைக் குறுக்குவாக்கில் வைத்திருப்பதால், இறக்காமலே மாற்றிவிடலாம். யாரோ ஒரு டிசைனர், பத்து வருஷம் கழித்து ஸ்பேனரோடு வரப்போகிற மெக்கானிக்கை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்!

இதுக்கும் குறை உண்டு. பின் டயர்கள் சில ஆயிரம் மைலிலேயே தேய்ந்துபோனது. ஆரம்பகால கியர்பாக்ஸில் ஒரு சின்ன வளையம் உடையும் பிரச்னை இருந்தது. அலுமினிய பாடி நசுங்கினால், எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சரி பண்ண முடியாது.

ஆனாலும், உலகப் புகழ் மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரே, ஓட்டும் சுகத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஃபெராரியை அல்ல, போர்ஷேவை அல்ல, என்.எஸ்.எக்ஸைத்தான். தானே ஒன்றை வாங்கிப் பல வருஷம் ஓட்டவும் செய்தார்.

அப்புறம் ஏன் விற்கலை?

இங்கேதான் ட்விஸ்ட்! 1990-ல் இருந்து 2005 வரை, 15 வருஷத்தில் விற்ற என்.எஸ்.எக்ஸ் 18 ஆயிரத்துச் சொச்சம்தான். கடைசி வருஷங்களில் ஷோரூமில் ஈ ஓட்டினார்கள். 'எல்லாம் சரியா இருக்கு, ஆனா உயிர் இல்லை' என்பது குற்றச்சாட்டு. தினமும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகிற காருக்கு உயிர் இல்லையாம். அடம்பிடிக்கிற காருக்குத்தான் உயிர் இருக்காம்! வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிற பையனுக்கு யாருமே ரசிகர் மன்றம் வைக்காத மாதிரி.

ஆனா போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1994-ல் வந்த எஃப்355-ல் பவர் ஸ்டீயரிங் வந்தது. 1999-ல் வந்த 360 மாடெனாவில் பாடி அலுமினியம் ஆனது. பெல்ட்டை மாற்ற சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டே போய், செயின் வந்தது. 2011-ல் புதுக் கார்களுக்கு ஏழு வருஷ இலவச மெயின்டனன்ஸையே அறிவித்தது ஃபெராரி. இதெல்லாம் ஹோண்டாவைப் பார்த்து மட்டும்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனா, 'சூப்பர் கார்னா இப்படித்தான் படுத்தும்' என்ற சாக்கு, 1990-க்குப் பிறகு செல்லுபடி ஆகலை. அதுவரைக்கும் சந்தோஷம்.

எது யாருக்கு?

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மலைப்பாதை என்றால்... ஃபெராரி. அந்தச் சத்தத்துக்கு ஈடே இல்லை.

பத்து வருஷம், தினமும் என்றால்... ஹோண்டா. கண்ணை மூடிக்கிட்டு!

ஓட்டிப் பழகிப் பழகி, பிள்ளைகளுக்குச் சாவியைக் கொடுக்கணும் என்றால்... போர்ஷே.

உங்க வீட்டில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா? ஃபெராரியோ, பழைய ஹேட்ச்பேக்கோ, கலரையும் ஸ்டீரியோவையும் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்க. இதில் டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் கடைசியாக எப்போ மாத்தினீங்க? அதுக்கு பில் இருக்கா? நாங்க கேட்கலை. ஒட்டன்சத்திரத்தில் நடுரோட்டில் நின்னோம்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப, மெக்கானிக் அண்ணனைப் பார்க்கப் போனேன். இன்ஜினை மொத்தமாகக் கீழே இறக்கி வைத்திருக்கும் 348 படத்தைக் காட்டினேன். 'இவனும் ஸ்பேனர் பிடிக்காதவன்தான்'னு திட்டுவார்னு எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார்.

"சவுண்டு எப்படி இருக்கும் தம்பி?"

செல்போனில் போட்டுக் காட்டினேன். மூணு தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இதுக்காக இறக்கலாம் தம்பி" என்றார். அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டே சிரித்தார். "ஆனா உங்கப்பா கார்ல இந்தச் சவுண்டும் வராதே!"