பூட்டு உறுதி; காவலன் ஏமாந்தான்

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர் முன்னாளில் டிரங்குப் பெட்டியில் காத்துவந்த நிலப்பத்திரம், சான்றிதழ், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் படிகள் இன்று கணினிக்குள் புகுந்துவிட்டன. கணினியோ வீட்டுக்கு ஒன்று. அதைத் தொடும் கைகளோ பல. ஆகவே கோப்புகளை மறைமொழியாக்கிப் பூட்டும் மென்பொருளை அன்பர் பலர் நாடுகின்றனர். அத்தகைய பூட்டு ஒன்றில் 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்ட குறையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ட்ரூகிரிப்ட் என்னும் இலவச மென்பொருள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் தம் பெயரை வெளியிட்டாரல்லர். 2014 மே மாதத்தில் பணியையும் கைவிட்டனர். பொதுமக்கள் நன்கொடையைக் கொண்டு வல்லுநர் அதனைச் சோதித்தனர். சோதனை 2015 ஏப்ரலில் நிறைவுற்றது; வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதுவும் காணப்படவில்லை. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் கூகுளின் ஜேம்ஸ் ஃபோர்ஷா என்பார், அதன் விண்டோஸ் டிரைவரில் இரு குறைகளைக் கண்டறிந்தார். டிரைவர் என்பது கணினியின் அடித்தளத்தில் முழு அதிகாரத்துடன் இயங்கும் பகுதி.

பூட்டிய பெட்டகத்தைத் திறக்குங்கால் எஃப், ஜி என்றாற்போல ஓர் எழுத்து அதற்குச் சூட்டப்படும். அவ்வெழுத்தை டிரைவர் சரிவர ஆராயவில்லை. ஆதலின் சிற்றதிகாரம் உடைய ஒருவரும், தலைமைத் தட்டுக்குரிய சி என்னும் எழுத்தையே தம் பெட்டகத்தின்பால் திருப்ப இயன்றது. பாயிண்டை மாற்றினால் வண்டி வேறு லைனில் ஓடுமன்றோ? அவ்வாறே கணினியும் அவர் வைத்த நிரலை முழு அதிகாரத்துடன் இயக்கும்.

மற்றொரு குறை, அடையாள அட்டையைக் காட்டியவரைப் பாஸ் உடையவராகக் கொண்டு வண்டியில் ஏற்றுவதை ஒக்கும். பிறர் பெயரில் வந்தவர், அவர் திறந்துவைத்த பெட்டகத்தில் கைவைக்க இடமுண்டாயிற்று.

மறைமொழி சிறிதும் உடையவில்லை என்பது கருதத்தக்கது. எனினும் கணினியின் முழு அதிகாரத்தைப் பெற்றவர், நாம் அடுத்த முறை தட்டும் கடவுச்சொல்லை ஒளிந்திருந்து பற்றிக்கொள்ளலாம். பின்னர்ப் பூட்டினால் பயன் யாது?

ட்ரூகிரிப்டை அடிப்படையாகக் கொண்டு மௌனிர் இத்ராசி 2013ஆம் ஆண்டில் தொடங்கிய வெராகிரிப்ட், 2015 செப்டம்பர் இறுதியில் வந்த 1.15ஆம் பதிப்பில் இரண்டையும் சீர்செய்தது. ஆக்கியோர் கைவிட்ட ட்ரூகிரிப்டுக்கோ அத்திருத்தம் வரவேயில்லை.

ஆதலின் பழைய பெட்டகம் உடையோர் காலந்தாழ்த்தாது மாறுதல் நன்று. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த வெராகிரிப்ட் 1.26 வரிசை ட்ரூகிரிப்ட் பெட்டகங்களைத் திறப்பதில்லை; 1.25.9ஆம் பதிப்பு திறக்கும். அதனால் திறந்து, வேறிடத்தில் ஒரு படி எடுத்துவைத்தபின், கோப்புகளைப் புதிய பெட்டகத்துக்கு மாற்றுக. பின்னர்ப் புதிய பதிப்பை நிறுவுக. வேலை முடிந்ததும் பெட்டகத்தை மூடுக. வீட்டார் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்து, நிர்வாகி கடவுச்சொல்லை ஒருவரே வைத்துக்கொள்க. திருத்தப் பதிப்பு வந்துள்ளதா என்று மாதம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். பூட்டை வாங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. அதனைப் பழுதுபார்ப்போர் உளரா என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.