நெஞ்சு திடீரெனப் படபடத்தால்



ஓடி வந்தால் நெஞ்சு படபடக்கும். தேர்வுத் தாளைக் கையில் வாங்கும்போதும், காய்ச்சல் கண்டபோதும் படபடக்கும். இவை இயல்பானவை. காரணம் நீங்கினால் துடிப்பும் மெல்ல மெல்லத் தணிந்துவிடும். ஆனால், சும்மா உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருக்கும் 14 வயதுப் பிள்ளைக்கு, விளக்குச் சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே நொடியில் நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. பத்து நிமிடம் கழித்து அதேபோல் ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. இது எதனால்? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

நம் இருதயம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. அதைத் துடிக்க வைப்பது மிகச் சிறிய மின் ஓட்டம். வலப்பக்க மேலறையில் பிறக்கும் அந்த ஓட்டம், நடுவிலுள்ள ஒரே வாசல் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. தோட்டத்து முன்வாசலில் காவலாளி ஒவ்வொரு வண்டியையும் சற்று நிறுத்தி அனுப்புவதுபோல, அந்த வாசலும் ஓட்டத்தைச் சிறிது தாமதித்தே விடுகிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு பாதையும் அமைந்திருக்கும். வேலியின் பின்புறத்தில் ஒரு திறப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் போன வண்டி பின்வழியாகத் திரும்பி வந்து, மறுபடியும் முன்வாசலில் நுழைந்தால் என்ன ஆகும்? ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? அவ்வாறே மின் ஓட்டமும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. எனவே, நாடி நிமிடத்திற்கு 150 முதல் 250 வரை ஏறிவிடுகிறது. சுற்று அறுந்த நொடியில் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது முதியோருக்கு இரத்தக் குழாய் அடைத்து வரும் மாரடைப்பு அன்று. பிள்ளை செய்த குற்றமும் அன்று.

இந்த நோயின் தொல்லை, அது தன் அடையாளத்தை அழித்துவிட்டுப் போவதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகம் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றிருக்கும். நாடி சரியாக இருக்கும். "ஒன்றுமில்லை, பயந்திருக்கிறாள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை, காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறோம். மந்திரித்து முடிக்கும் வேளையில் படபடப்பும் நிற்கிறது. தானாக நின்றதற்கு நாம் வேறொன்றைக் காரணமாக்கிவிடுகிறோம். நெற்றியில் திருநீறு இடுவதை நாம் தவறென்று கூறவில்லை. மனத்திற்கு அது ஆறுதல். ஆனால் அத்தோடு நின்றுவிடலாகாது. மூன்றாம் முறையோ, "பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள்" என்ற பெயர் வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்ன பிள்ளை, பிறகு சொல்வதையே நிறுத்திவிடுகிறது.

ஆகவே, பெற்றோர்களே, சாட்சியாக இருக்க வேண்டியவர்கள் நாம்தாம். எப்படி?

பிள்ளையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள்; அதில் உங்கள் நாடியே துடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். எண்ணவே முடியாத வேகம் என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, திடீரென நின்றதா, மெல்லத் தணிந்ததா என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நாங்கள் பள்ளியில் மாணவர்களுக்கு நாடி எண்ணக் கற்றுக் கொடுப்பதும் இதற்குப் பயன்படும்.

அந்த நோட்டுடன் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். அங்கே ஈ.சி.ஜி. எடுப்பார்கள். படபடப்பு இருக்கும்போதே எடுத்தால் நோய் தெளிவாகப் பிடிபடும். சிலருக்கு மற்ற வேளையிலும் அந்த இரண்டாம் பாதையின் அடையாளம் தெரியும். 1930ஆம் ஆண்டிலேயே உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்னும் மூன்று மருத்துவர்கள், நல்ல உடல்நலமுள்ள இளையோரிடம் இதைக் கண்டு எழுதினர். இரத்தச் சோகை, தைராய்டு சுரப்பிக் கோளாறு ஆகியவையும் நாடியை வேகப்படுத்தக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

நோய் இன்னதென்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, எளிய முறை ஒன்றைக் கற்றுத் தருவார். சாய்ந்து உட்கார்ந்து, ஊசியில்லாத 10 மில்லிலிட்டர் மருந்துக் குழலை வாயில் வைத்து, உள்தண்டு சற்றே நகரும்படி 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, மற்றொருவர் இரு கால்களையும் 15 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், இம்முறையால் 100 பேரில் 43 பேருக்குப் படபடப்பு நின்றது. கால் தூக்காமல் ஊதியவர்களில் 17 பேருக்கே நின்றது. கழுத்தைப் பிடித்து அமுக்குவது மட்டும் கூடாது. காப்பியும் புட்டியில் விற்கும் சக்தி பானங்களும் இப்பிள்ளைகளுக்கு வேண்டா.

நிரந்தரத் தீர்வும் உண்டு. தொடை இடுக்கிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இருதயம்வரை செலுத்தி, அந்த வேண்டாத பாதையை வெப்பத்தால் அடைத்துவிடுகிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. 100க்கு 90 பேருக்கு மேல் குணமடைகின்றனர். நம் நாட்டில், கோலாலம்பூரில் 1992இல் தொடங்கப்பெற்ற தேசிய இருதய மருத்துவமனையிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. படபடப்புடன் பிள்ளை மயங்கினால், நெஞ்சு வலித்தால், மூச்சுத் திணறினால், அல்லது கால் மணி நேரமாகியும் நிற்காவிட்டால், உடனே 999க்கு அழையுங்கள். விளையாடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, தானே எழுந்துவிட்டாலும், மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். அதுவரை ஓட்டப் பந்தயம் வேண்டா. குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

நேயர்களே, "நெஞ்சு அடிக்கிறதம்மா" என்று பிள்ளை சொன்னால், முதலில் நம்புங்கள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து எண்ணுங்கள். அந்த 15 விநாடிக் கணக்கு, பல ஆண்டுத் துன்பத்திற்கு விடை தரக்கூடும்.