பாதுகாப்பு யாருக்கு? பேராசிரியர் முஹம்மத் அய்யூப் எழுப்பிய கேள்வி

உயர்தர வகுப்பில் 'தேசிய பாதுகாப்பு' என்றால் என்னவென்று கேட்டால் மாணவர்கள் உடனே சொல்வது எல்லை, இராணுவம், அந்நியப் படையெடுப்பு. ஆனால் 1948க்குப் பிறகு நம் நாட்டில் நடந்த பெரிய இரத்தக்களரிகளில் எதுவும் அந்நியப் படையெடுப்பில் தொடங்கியதல்ல. 1971, 1983, 1990, 2019 என்று எந்த ஆண்டை எடுத்தாலும் பிரச்சினை வெடித்தது உள்ளேதான். அப்படியானால் பாடநூல் வரைவிலக்கணம் யாருடைய அனுபவத்திலிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் ஆய்வாகவே ஆக்கிக்கொண்டவர் பேராசிரியர் முஹம்மத் அய்யூப். இந்தியாவில் பிறந்தவர். டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கற்பித்துவிட்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பேராசிரியரானார்.

அவர் காலத்தில் இத்துறையின் பெரிய பெயர் கென்னத் வோல்ட்ஸ். சர்வதேச அரசியலுக்கான கோட்பாட்டை வல்லரசுகளை வைத்தே கட்ட வேண்டும், மலேசியாவையும் கொஸ்டாரிக்காவையும் வைத்துக் கட்டுவது நகைப்புக்குரியது என்ற கருத்தை 1979இல் வெளிவந்த தன் நூலில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். உலகின் பெரும்பாலான நாடுகள் மலேசியா, கொஸ்டாரிக்கா வகையைச் சேர்ந்தவை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பனிப்போர்க் காலத்தை 'நீண்ட அமைதி' என்று மேற்குலக அறிஞர்கள் அழைத்ததும் இதே பார்வையில்தான். அந்த 'அமைதி'யில் வியட்நாமும் ஆப்கானிஸ்தானும் பங்களாதேஷும் எரிந்துகொண்டிருந்தன.

அய்யூபின் ஆரம்ப நூல்களில் ஒன்று அந்த பங்களாதேஷ் போரைப் பற்றியது. இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் கே. சுப்ரமணியத்துடன் சேர்ந்து 1972இல் வெளியிட்டார். பாகிஸ்தான் இரண்டாக உடைந்ததில் இந்திய இராணுவத்தின் பங்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் வங்காளிகளைச் சம பிரஜைகளாக நடத்தத் தவறிய அரசுதான் முதலில் உள்ளுக்குள் உடைந்தது. பிற்காலத்தில் அவர் சொன்னவற்றின் விதை இந்த அனுபவத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மூன்றாம் உலகின் பாதுகாப்பு இக்கட்டு பற்றிய அவருடைய முக்கிய நூல் 1995இல் வந்தது. அதன் வாதத்தை விளங்கிக்கொள்ள ஐரோப்பிய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் சார்ள்ஸ் டில்லியின் கணக்குப்படி 1500ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் சுமார் 500 ஆட்சிப் பிரதேசங்கள் இருந்தன. 1900 ஆகும்போது எஞ்சியவை சுமார் 25. மீதி எல்லாம் போரினாலும் கட்டாய இணைப்பினாலும் விழுங்கப்பட்டன. நான்கு நூற்றாண்டுகள், கணக்கற்ற உயிர்கள். அப்போது ஐக்கிய நாடுகள் சபை இல்லை, மனித உரிமை உடன்படிக்கை இல்லை, தொலைக்காட்சிக் கமராவும் இல்லை. இன்றைய புதிய நாடுகளோ அதே வேலையைச் சில தசாப்தங்களில், குடியாட்சியோடும் உரிமைகளோடும், வெள்ளைக்காரன் கோடு போட்டுத் தந்த எல்லைகளுக்குள் செய்து முடிக்க வேண்டும். இதற்கிடையில் வல்லரசுகள் ஆயுதங்களையும் தத்தம் போட்டிகளையும் கொண்டுவந்து இறக்குகின்றன. ஆகவே இந்த நாடுகளின் பாதுகாப்பின்மைக்கு முதல் ஊற்று அரசுருவாக்கம் முடிவடையாமல் இருப்பதே என்கிறார் அய்யூப். 2002இல் இந்தப் பார்வைக்கு 'அடிநிலை யதார்த்தவாதம்' என்ற பெயரில் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்.

மனிதாபிமானத் தலையீடு பற்றியும் அதே ஆண்டில் எழுதினார். தலையிட யார் முடிவெடுக்கிறார்கள், ஏன் சில நாடுகளில் மட்டும் தலையிடுகிறார்கள் என்ற அவருடைய கேள்விகள் காஸாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குப் பழையனவாகத் தெரியாது.

அரசியல் இஸ்லாத்தின் பல முகங்கள் பற்றிய அவருடைய நூல் 2008இல் வெளியானது. சவூதியையும் ஈரானையும், எகிப்தையும் பாகிஸ்தானையும், துருக்கியையும் இந்தோனேசியாவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். எல்லா முஸ்லிம்களும் ஒரே அரசியல் திட்டத்தோடு இயங்குகிறார்கள் என்ற கதை அங்கே நிற்பதில்லை. ஒவ்வொரு இயக்கத்தையும் வடிவமைப்பது அந்தந்த நாட்டின் சூழல்தான் என்று காட்டுகிறார். 2019க்குப் பிறகு நம் தொலைக்காட்சிகளில் பேசிய 'பாதுகாப்பு நிபுணர்கள்' சிலர் இதை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் அவரை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. அவருடைய வரைவிலக்கணத்தில் பாதுகாப்புக்கு உரியவை அரசின் ஆள்புலமும் நிறுவனங்களும். ஆட்சியாளர்களும் அதற்குள் வருகிறார்கள். மைக்கல் பார்னெட் போன்றோர் அவருக்கு மறுப்பு எழுதினார்கள். அரசை மையத்தில் வைத்துக்கொண்டு 'அடிநிலை' என்று பெயரிடுவது சிறுபான்மையினருக்கு இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அங்கே அரசின் கை எட்டவில்லை. அய்யூபின் கோட்பாடு அதைச் சரியாகவே விளக்கும். ஆனால் 2014இல் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் திகனையிலும் அரசு பலவீனமாக இருக்கவில்லை. பொலிஸ் இருந்தது, ஊரடங்குச் சட்டமும் இருந்தது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அதற்குள்தான் தாக்கப்பட்டன. போரில் வென்று, முழு நாட்டையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஓர் அரசின் கீழ் இது எப்படி நடந்தது என்பதற்கு அவருடைய நூலில் எனக்குப் போதிய பதில் கிடைக்கவில்லை.