கொள்ளிடத்து இறாலும் நம் பருத்திக்காட்டு மருந்தும்

"ஐயா, வளர்ப்பு இறால் வாங்கலாமா, பிடிச்ச இறால் வாங்கலாமா? வளர்ப்பு இறாலுக்கு ஊசி போடுறாங்களாமே?"

படைப்புழுப் பயிற்சி முடிந்து டீ வருகிற நேரத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடல் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இறால் விற்காத கடைத்தெரு இங்கே குறைவு. வேளாண் அலுவலரிடம் மீன்கடைச் சமாச்சாரம் கேட்கிறார்களே என்று முதலில் தோன்றும். ஆனால், இந்தக் கேள்விக்கான பதில் கடைசியில் நம் வயல் வரப்பில்தான் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குளத்தில் லட்சக்கணக்கில் விடும் இறாலுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டு வளர்க்க எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. நம் கடைகளுக்கு வரும் வளர்ப்பு இறாலில் பெரும்பகுதி 'வனாமி'. 2009-ல் நம் நாட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட, அமெரிக்கப் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம். குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இறால் வளர்ப்பில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. தடையை மீறுபவர்கள் இருக்கலாம். அதற்காக எல்லா வளர்ப்பு இறாலையும் விஷம் என்று சொல்வது சரியல்ல.

இறால் பண்ணைகள் மீதான உண்மையான புகார் வேறு. கடலோர நன்செய் நிலங்களும் குடிநீர்க் கிணறுகளும் உப்பாகின்றன என்று நாகப்பட்டினம் பகுதியில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போராடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் வந்ததற்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

'பிடித்தது' என்றாலே நல்லதா?

வளர்ப்பு வேண்டாம், இயற்கையில் பிடித்ததே நல்லது என்பவர்கள் அது எப்படிப் பிடிபட்டது என்று கேட்பதில்லை. விசைப்படகின் இழுவை வலை கடலடியை உரசிக்கொண்டே போகும். இறாலோடு குஞ்சு மீன், நண்டு, சங்கு என எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அதில் விலை போகாததைச் 'சங்காயம்' என்று ஒதுக்குவார்கள். அது காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. இறாலைவிட சங்காயம் அதிகம் வருகிற நாட்களும் உண்டு.

ஆமைகளும் இந்த வலையில் மாட்டிக்கொள்கின்றன. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலத்தில் வலையில் சிக்கினால், மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆமை தப்பிக்க வலையில் ஒரு கம்பிச் சட்டமும் திறப்பும் வைத்தால் போதும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி அதை வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. போதுமான படகுகளில் அது இல்லை என்ற காரணத்தால், கடலில் பிடித்த இந்திய இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. இது நம் மீனவர்களுக்குத்தான் நஷ்டம்.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் 'இன்று பிடித்த பெரிய கடல் இறால்' என்று நம் ஊர்க் கடையில் சொன்னால், எங்கிருந்து வந்தது என்று இன்னொரு முறை கேளுங்கள். நாட்டுப்படகில் வந்ததாக இருக்கலாம், மேற்குக் கரைச் சரக்காகவும் இருக்கலாம், ஐஸில் இருந்த பழையதாகவும் இருக்கலாம்.

எல்லாப் பிடிப்பும் இழுவை வலை அல்ல. பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் இருளர் மக்கள் முட்டளவு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இதில் ஆமையும் சாகாது, சங்காயமும் இல்லை. இயற்கையில் பிடித்த இறாலில் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், இப்படிக் கையிலும் சிறு வலையிலும் வருவதைத்தான் சொல்வேன்.

நம் ஆற்றில் பிறக்காத நம் ஆற்று இறால்

அரியலூர்க்காரர்களுக்குக் கடல் இறாலைவிட நெருக்கமானது கொள்ளிடத்து 'எறா'. நீண்ட இரண்டாம் கால், பெரிய தலை, நீலம் கலந்த பச்சை நிறம். தலை போனால் கறி பாதிகூடத் தேறாது என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆனால் குழம்பின் ருசியே அந்தத் தலையில்தான். இதில் முக்கியமானது மேக்ரோபிராக்கியம் மால்கம்சோனி என்ற இனம். கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என வங்கக் கடலில் கலக்கும் ஆறுகளில் வாழ்வது. இதைவிடப் பெரிதாக வளரும் ரோசன்பெர்கி என்ற அண்ணனும் உண்டு.

ஆற்றில் வாழும் இந்த இறாலின் குஞ்சு நல்ல தண்ணீரில் பிழைக்காது. வெள்ளக் காலத்தில் சினை இறால் வயிற்றடியில் முட்டையைச் சுமந்தபடி முகத்துவாரம் நோக்கி இறங்கும். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் பொரிக்கும் குஞ்சு, பல முறை தோலுரித்து உருமாறிய பிறகு, கரையோரமாக ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வரும். இந்த ரகசியத்தை 1960-களின் தொடக்கத்தில்தான் மலேயாவில் லிங் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். குஞ்சுக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் உலகில் நன்னீர் இறால் குஞ்சுப் பண்ணையே சாத்தியமானது.

கடல் இறாலின் பயணம் நேர் எதிர். கடலில் பொரித்து, குஞ்சாக முகத்துவாரத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். ஆக, ஆற்று இறாலுக்கும் கடல் இறாலுக்கும் தொட்டில் ஒன்றுதான்.

அந்தத் தொட்டிலுக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது? பச்சைமலையில் தொடங்கி பெரம்பலூர், அரியலூர் வழியாக ஓடும் மருதையாறு கொள்ளிடத்தில் சேர்கிறது. கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கிறது. நமக்கு வடக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கலக்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம். வேப்பந்தட்டையில் பெய்த மழையும் செந்துறையில் பெய்த மழையும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

ஆற்றில் ஏறி வரும் குஞ்சுக்கு முதல் தடை அணைக்கரை. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணை. பாசனத்துக்கு அது செய்த நன்மையை நான் சொல்ல வேண்டியதில்லை, வீராணம் ஏரியே அதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால், ஏறி வரும் இறாலுக்கு அது சுவர். கீழே ஒதுங்கி நிற்கும் குஞ்சை கொசுவலை போன்ற சின்னக்கண் வலையால் வாரினால், மேலே திருமானூர் வரை வர வேண்டியது அங்கேயே முடிந்துவிடும். ஆற்றில் விஷம் கலந்தோ, வெடி போட்டோ மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. இன்றும் கோடையில் தேங்கிய குட்டைகளில் பூச்சிமருந்தைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இறாலைச் சாப்பிடுவது யார் என்று அவர்கள் யோசிப்பதில்லை போலும்.

இறால், பூச்சிக்குப் பங்காளி

இனி நம் பங்கு. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள். இரண்டுக்கும் எலும்பு கிடையாது, மேலோடுதான். வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். காய்ப்புழுவின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். நோவலூரான், லூஃபெனூரான் போன்றவை புழுவைத் தோலுரிக்க விடாமல் கொல்பவை. இறாலுக்கும் அதே கதிதான். சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளுக்கு மீனைவிட இறால் சீக்கிரம் சாகும்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மால்கம்சோனி இறாலை எண்டோசல்பானில் வைத்துப் பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு நானோகிராம் கணக்கிலான மருந்திலேயே செவுளும் செரிமானச் சுரப்பியும் சிதைந்திருந்தன. நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கியதில் ஒரு பங்கு. எண்டோசல்பான் 2011-ல் தடையானது. அதன் இடத்தில் நாம் அடிக்கும் மருந்துகள் எல்லாம் சாதுவானவை அல்ல.

பலர் டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை, பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதைச் சொல்வது. எலியில் சோதித்த கணக்கு. மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சை முத்திரைதான். ஆனால் நீரில் வாழும் சிறு ஓட்டுடலிகளுக்கு அது கடும் நஞ்சு. பச்சை என்பதற்காக ஓடையில் கொட்டலாம் என்று அர்த்தமில்லை.

மருந்தே அடிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2018-ல் படைப்புழு வந்தபோது நம் மாவட்டத்து மக்காச்சோளம் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும், இனக்கவர்ச்சிப் பொறி, குருத்தில் மட்டும் படும்படி தெளிப்பு என்று தொடங்கினால் இரண்டு மூன்று தெளிப்பு குறையும். பருத்தியிலும் பொறியில் விழும் அந்துப்பூச்சியை எண்ணிப் பார்த்து அடியுங்கள். பக்கத்துக் காட்டில் அடித்தார் என்பதற்காக அடிக்காதீர்கள். 2017-ல் பருத்திக்கு மருந்தடித்தவர்களே பெரம்பலூரில் உயிரிழந்தார்கள். இறாலுக்கு முன்னால் அதையும் நினைவில் வையுங்கள்.

மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் தெளிப்பு வேண்டாம். காசும் ஓடையோடு போய்விடும். ஓடை, வாய்க்கால் ஓரத்து நாலைந்து சாலை விட்டுவிட்டு அடியுங்கள். ஓடைக்கரையில் புல் வளரட்டும், மழைநீரை அது வடிகட்டும். முக்கியமாக, தெளிப்பான் டேங்கை ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை அடித்த வயலிலேயே இன்னொரு முறை தெளித்துவிடுங்கள். ஒரு டேங்க் கழுவிய தண்ணீர் போதும், தேங்கிய மடுவில் உள்ள இறாலைக் காலி செய்ய.

வாங்கும்போது

வயிற்றடியில் முட்டை ஒட்டியிருக்கும் ஆற்று இறாலை வாங்காதீர்கள். 'சினை எறா ருசி' என்று சொல்லி விற்பார்கள். ஒரு சினை இறாலிடம் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும். நாம் வாங்காவிட்டால் விலை விழும், விலை விழுந்தால் வலைக்காரர் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். விரலளவு பொடி இறாலுக்கும் இதே கணக்குதான்.

'பண்ணைக்குட்டையில் இறால் விடலாமா?' என்பது அடுத்த கேள்வியாக வரும். கோடையிலும் தண்ணீர் நிற்கும் குட்டையாக இருந்தால் கட்லா, ரோகுவோடு ரோசன்பெர்கி இறாலைச் சேர்த்து வளர்க்கலாம். உப்புக் கரைத்து வனாமி வளர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம், பக்கத்துக் கிணறு கெடும். ஆற்றில் வாரிய குஞ்சை வாங்காமல், குஞ்சுப் பண்ணையில் பொரித்ததையே வாங்குங்கள். பருத்திக்காட்டு வடிநீர் குட்டையில் விழாதபடி கரையை உயர்த்திக்கட்டுங்கள். குஞ்சு எங்கே கிடைக்கும், ஏக்கருக்கு எத்தனை விடலாம் என்பதை உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குட்டைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக முடியும்.