ஓய்வூதிய விண்ணப்பம்: காத்திருக்க வேண்டியதும் காத்திருக்கக் கூடாததும்

சிகிச்சையின் நடுவே, வேலையை விட்டுவிட்டு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தை உடனே பெற்றுவிடலாமா என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். அவசரம் வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன்படி, 10 ஆண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம் உண்டு. பணியில் தொடர்ந்தாலும் அதைப் பெறலாம். 60 வயது வரை ஒத்திவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே பெறலாம். ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டிற்கும் 4 சதவீதம் குறையும். அக்குறைவு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

பணிக்காலத்தில் நோயால் முற்றிலும் நிரந்தரமாக இயலாமை அடைந்தவர், ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே இயலாமை ஓய்வூதியம் கோரலாம். அதற்கு மருத்துவக் குழுவின் பரிசோதனை தேவை. ஆகவே, பணிவிலகல் கடிதம் கொடுக்குமுன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

துணையை இழந்தோர்க்குரிய ஓய்வூதியமோ வேறு வகை. நீங்கள் வேலைக்குச் செல்வதால் அது நிற்காது. மறுமணம் செய்தால் மட்டுமே நிற்கும். 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் தனியே ஓய்வூதியம் உண்டு. துயரத்தின் நடுவிலும், இதனை மட்டும் நாள் கடத்தாமல் கோருங்கள்.